ஒரே இழை, 32 வீடுகள்: ஃபைபர் இணைப்பில் பேண்ட்வித்தை நியாயமாகப் பங்கிடுவது எப்படி?

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கியவர்களில் பலர், சேவை நிறுவனத்தின் நிலையத்திலிருந்து தங்கள் வீட்டுக்கென்றே ஒரு கண்ணாடி இழை தனியாக வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வாசலைத் தாண்டி உள்ளே வரும் இழை தனி இழைதான். ஆனால் அது பெரும்பாலும் தெருக் கம்பம் வரைக்கும்தான் தனி. கம்பத்தில் கட்டியிருக்கும் சிறு பெட்டியைத் திறந்தால், ஒரு பக்கம் ஒரே ஓர் இழை நுழைவதையும், மறுபக்கம் 8, 16 அல்லது 32 இழைகள் விசிறி போலப் பிரிந்து வெளியே போவதையும் காணலாம். நடுவில் இருப்பது ஸ்பிளிட்டர். அதற்கு மின்சாரம் வேண்டாம், யாருக்கு எவ்வளவு என்று முடிவெடுக்கும் திறனும் அதற்குக் கிடையாது. வருகிற ஒளியைச் சம பாகங்களாகப் பிரித்து எல்லா இழைகளிலும் அனுப்புவது மட்டுமே அதன் வேலை.

ஆக, நிலையத்துக்கும் ஸ்பிளிட்டருக்கும் இடையே ஓடும் அந்த ஒற்றை இழையைத்தான் தெருவிலுள்ள அத்தனை வீடுகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஓர் இணைப்பின் வழியே ஒரு விநாடியில் எவ்வளவு தரவு போக முடியுமோ அந்த அளவைத்தான் பேண்ட்வித் என்கிறோம். தமிழில் பட்டையகலம் என்றும் எழுதுவதுண்டு. ஒரே பட்டையகலத்தைப் பலர் பங்கிடும்போது யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், அதை யார் முடிவுசெய்வது, எதை நியாயம் என்று சொல்வது என்பவையே இக்கட்டுரை விளக்க முற்படும் கேள்விகள்.

உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஜிபான் என்ற முறையை எடுத்துக்கொள்வோம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரநிலைப் பிரிவான ஐடியு-டியின் ஜி.984 தரநிலைகள் இதன் இலக்கணத்தை வகுத்துள்ளன. நிலையத்திலிருந்து வீடுகளுக்கு வரும் திசையில் விநாடிக்கு 2.488 ஜிகாபிட்டும், வீடுகளிலிருந்து நிலையத்துக்குப் போகும் திசையில் 1.244 ஜிகாபிட்டும் இதில் கிடைக்கும். கீழிறங்கும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், மேலேறும் ஒளியினுடையது 1310 நானோமீட்டர் என்பதால் இரண்டும் ஒரே இழையில் எதிரெதிராக ஓடினாலும் மோதிக்கொள்வதில்லை. இந்த அளவுகளை 32 வீடுகளுக்குச் சமமாகப் பிரித்தால் இறக்கத்தில் வீட்டுக்குச் சுமார் 78 மெகாபிட், ஏற்றத்தில் சுமார் 39 மெகாபிட் வரும். ஆனால் அதே இழையில் 100 மெகாபிட், 200 மெகாபிட் திட்டங்கள் விற்கப்படுகின்றன. இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஒரு வீடு நாள் முழுவதும் முழு வேகத்தில் தரவை இழுத்துக்கொண்டே இருப்பதில்லை. ஒரு பக்கத்தைத் திறக்கிறோம், படிக்கிறோம், அந்த நேரத்தில் இழை அடுத்த வீட்டுக்குப் பயன்படுகிறது. இரவு எட்டு மணிக்கு எல்லா வீடுகளிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காரும்போதுதான் பங்கீட்டு விதியின் தரம் தெரியவரும்.

இறக்கத் திசையில் பங்கிடுவது ஒப்பீட்டளவில் எளிது. ஓஎல்டி எனப்படும் நிலையக் கருவியிடம் எல்லா வீடுகளுக்குமான தரவும் வந்து வரிசையில் நிற்கிறது. எந்த வரிசை எவ்வளவு நீளம் என்பது அதற்கு அந்தக் கணமே தெரியும். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் முறைவைத்து எடுத்து அனுப்பினால் போதும். அனுப்புவது எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரும். வீட்டிலுள்ள ஓஎன்டி கருவி தனக்குரியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பக்கத்து வீட்டுத் தரவை யாரும் படித்துவிடாமல் இருக்க அது மறையாக்கம் செய்து அனுப்பப்படுகிறது.

ஏற்றத் திசையில்தான் சிக்கல் தொடங்குகிறது. இங்கே வரிசைகள் 32 வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு வீடுகள் ஒரே நேரத்தில் லேசரை எரியவிட்டால் இரண்டு ஒளியும் ஸ்பிளிட்டரில் கலந்து, நிலையத்தில் எதுவும் புரியாமல் போகும். ஒரு வீட்டின் ஒளி இன்னொரு வீட்டுக்கு எட்டாது என்பதால், பக்கத்து வீடு பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து பேசவும் வழியில்லை. எனவே யார், எப்போது, எவ்வளவு நேரம் ஒளி அனுப்பலாம் என்பதை ஓஎல்டியே சொல்லியாக வேண்டும்.

அதைச் சொல்வதற்கு முன் தூரக் கணக்கு ஒன்றை அது தீர்க்கிறது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 5 மைக்ரோவிநாடி ஆகும். 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போய்த் திரும்ப 200 மைக்ரோவிநாடி. ஒரு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கு 10 மைக்ரோவிநாடி. எனவே ஒவ்வொரு ஓஎன்டியும் இணைப்பில் சேரும்போதே அதன் தூரம் அளக்கப்பட்டு, கிட்டத்தில் இருப்பதற்குக் கூடுதல் காத்திருப்பும் தொலைவில் இருப்பதற்குக் குறைந்த காத்திருப்பும் விதிக்கப்படுகின்றன. அதன்பின் ஓஎல்டியின் பார்வையில் எல்லா வீடுகளும் ஒரே தூரத்தில் இருப்பவைதான். பாசன வாய்க்காலில் வாய்மடைக்காரர் முதலில் பாய்ச்சிக்கொள்ள, கடைமடைக்காரர் மிச்சத்துக்குக் காத்திருக்கும் நிலை இங்கே அடித்தளத்திலேயே தவிர்க்கப்பட்டிருக்கிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

ஏரிப் பாசனத்தோடு ஒப்பிடுவது வெறும் அலங்காரத்துக்காக அல்ல. ஏரியில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் யார் வயலுக்கு எத்தனை நாழிகை மடை திறந்திருக்க வேண்டும் என்பதை ஊர் கூடி முடிவுசெய்யும். அதை நீர்க்கட்டி நடைமுறைப்படுத்துவார். பங்கிடப்பட்டது தண்ணீரின் கொள்ளளவு அல்ல, மடை திறந்திருக்கும் நேரம். ஃபைபரின் ஏற்றத் திசையிலும் பங்கிடப்படுவது நேரம்தான். ஒரு வீட்டின் முறை வந்தால் இழையின் முழு வேகமும் அந்த வீட்டுக்குத்தான். முறை முடிந்ததும் அதன் லேசர் அணைந்துவிட வேண்டும்.

அந்த நேரம் எவ்வளவு சிறியது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஜிபானில் காலம் 125 மைக்ரோவிநாடிச் சட்டகங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. விநாடிக்கு 8,000 சட்டகங்கள். ஒரு சட்டகத்தில் ஏற்றத் திசையில் 19,440 பைட் போகலாம். நிலையத்திலிருந்து கீழிறங்கும் ஒவ்வொரு சட்டகத்தின் தலைப்பிலும் ஒரு பட்டியல் இருக்கும்: இன்ன எண்ணுள்ளவர் இந்த பைட்டில் தொடங்கு, இந்த பைட்டில் நிறுத்து. வீட்டிலுள்ள கருவி அதைப் படித்து, தன் முறை வரும்போது லேசரை ஏற்றி அணைக்கிறது. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு இடையில் சிறிது இடைவெளி விட வேண்டும், புதிய ஒளியின் அளவுக்கு நிலையத்தின் ஏற்பி தன்னைச் சரிசெய்துகொள்ளவும் வேண்டும். இதற்கு ஒவ்வொரு முறையும் சுமார் 12 பைட் செலவாகிறது. 32 வீடுகளுக்கும் ஒரே சட்டகத்தில் முறை கொடுத்தால் 384 பைட், அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு, யாருக்கும் பயன்படாமல் போகும்.

இனி பங்கீட்டுக்கு வருவோம். எல்லாருக்கும் எப்போதும் ஒரே அளவு நேரம் ஒதுக்குவதுதான் மிக எளிய விதி. யாரும் குறை சொல்ல முடியாது போலத் தோன்றும். ஆனால் எளிய எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இழையில் 100 அலகு இருக்கிறது, நான்கு வீடுகள். முதல் வீட்டுக்கு 10 அலகு தேவை, இரண்டாவதற்கு 20, மூன்றாவதற்கு 50, நான்காவதற்கு 60. ஆளுக்கு 25 கொடுத்தால் முதல் வீட்டில் 15-ம் இரண்டாம் வீட்டில் 5-ம் வீணாகும். மற்ற இருவரும் தேவைக்குப் பாதிகூடக் கிடைக்காமல், அல்லது பாதியோடு நின்றுபோய், காத்துக்கிடப்பார்கள். 20 அலகு யாருக்கும் உதவாமல் ஓடிப்போனது. சமம் என்ற பெயரில் நடந்த இந்த இழப்பை நியாயம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் கேட்ட விகிதத்தில் கொடுக்கலாமா? மொத்தத் தேவை 140, இருப்பது 100. விகிதப்படி முதல் வீட்டுக்கு 7, இரண்டாவதற்கு 14, மூன்றாவதற்கு 36, நான்காவதற்கு 43 என்று ஏறத்தாழ வரும். வீணாவது ஏதுமில்லை. ஆனால் வெறும் 10 அலகு கேட்ட வீட்டுக்கு அதுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. அதிகம் கேட்டவருக்குத்தான் அதிகம் கிடைத்தது. இந்த விதி ஊருக்குத் தெரிந்துவிட்டால், 60 தேவைப்படுகிறவர் 600 என்று சொல்வார். பொய் சொல்வோருக்குப் பரிசு கொடுக்கும் விதி நெடுநாள் நிற்காது.

வலைப்பின்னல் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட விதி வேறொன்று. அதற்கு மேக்ஸ்-மின் நியாயம் என்று பெயர். மிகக் குறைவாகப் பெறுகிறவரின் பங்கை முடிந்தவரை உயர்த்துவது அதன் சாரம். எல்லார் குவளையிலும் ஒரே சீராக நீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். 10 அலகில் முதல் வீட்டின் குவளை நிறைந்துவிடும். அதை எடுத்து வைத்துவிட்டு மற்ற மூன்றிலும் ஊற்றுங்கள். 20-ல் இரண்டாவது நிறையும். இதுவரை செலவானது முதலிரண்டு வீடுகளுக்கு 30, மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு 20 என்று 40, மிச்சம் 30. அதை இருவருக்கும் சமமாக ஊற்றினால் ஆளுக்கு 35. முடிவில் 10, 20, 35, 35. சிறிய தேவைக்காரர் இருவரும் முழுதாகப் பெற்றார்கள், ஒரு துளியும் வீணாகவில்லை, நான்காம் வீட்டுக்காரர் 600 என்று பொய் சொல்லியிருந்தாலும் அவருக்கு அதே 35-தான் வந்திருக்கும். கூடுதல் கட்டணம் செலுத்துவோருக்குக் கூடுதல் எடை கொடுத்தும் இதே முறையில் ஊற்றலாம். நான்காம் வீட்டுக்கு மட்டும் இரண்டு மடங்கு எடை என்றால், கடைசி இருவருக்கும் உரிய 70 அலகு 23.3, 46.7 என்று பிரியும். முதலிரண்டு வீடுகளின் பங்கு அசையாது.

பங்கீடு எவ்வளவு நியாயமானது என்பதை ஒரே எண்ணில் சொல்ல முடியுமா என்று கேட்பவர்களுக்கு ராஜ் ஜெயினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984-ல் ஒரு குறியீட்டைத் தந்தார்கள். எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தால் அதன் மதிப்பு 1. நால்வரில் ஒருவரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் 0.25. பயனுள்ள அளவுகோல்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. மேலே கண்ட 10, 20, 35, 35 பங்கீட்டை அப்படியே அதில் போட்டால் 0.85 என்றுதான் வரும். 10 மட்டுமே கேட்டவருக்கு 10 கொடுத்ததையும் அது குறையாக எண்ணிவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் கிடைத்ததை அவரவருக்கு உரிய பங்கால் வகுத்துவிட்டுக் கணக்கிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் இருக்கும்.

தாளில் இது எளிது. இழையில் செய்வது கடினம், ஏனென்றால் நான்கு வீடுகளின் தேவையும் கணத்துக்குக் கணம் மாறுகிறது, அந்த மாற்றம் ஓஎல்டிக்குத் தாமதமாகவே தெரிகிறது. எனவே ஒவ்வொரு வீட்டுக் கருவியும் தன் முறை வரும்போது தரவோடு சேர்த்து, தன் வரிசையில் இன்னும் எத்தனை பைட் காத்திருக்கிறது என்ற அறிக்கையையும் அனுப்புகிறது. அறிக்கைகளைப் பார்த்து ஓஎல்டி அடுத்த சுற்றின் ஒதுக்கீட்டைக் கணக்கிடுகிறது. இந்த இயங்குநிலை ஒதுக்கீட்டைத்தான் துறையில் டிபிஏ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தரநிலைகள் அறிக்கையும் ஒதுக்கீடும் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே வகுக்கின்றன. எந்தச் சூத்திரத்தால் கணக்கிட வேண்டும் என்பது கருவி செய்பவரின் விருப்பம். நியாயம் தீர்மானிக்கப்படும் இடம் வாடிக்கையாளர் கண்ணுக்குப் படாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஈதர்நெட் வழிவந்த ஈபான் முறைக்காக க்ளென் க்ரேமர், பிஸ்வநாத் முகர்ஜி, ஜெரி பெசவென்டோ ஆகிய மூவர் 2002-ல் வெளியிட்ட ஐபேக்ட் என்ற முறை, பின்னர் வந்த பலவற்றுக்கும் முன்மாதிரியாக இருக்கிறது. ஒரு வீட்டின் தரவு வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டுக்கான அனுமதி புறப்பட்டுவிடும் என்பதால் இழை சும்மா கிடக்கும் நேரம் மிகக் குறைகிறது. ஒருவர் கேட்டது முழுவதையும் கொடுத்தால் அதிகம் கேட்பவர் சுற்றையே விழுங்கிவிடுவார். எனவே ஒரு முறைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் 16 வீடுகள், விநாடிக்கு 1,000 மெகாபிட் வேகம், சுற்றுக்கு அதிகபட்சம் 2 மில்லிவிநாடி, ஒவ்வொரு முறைக்கும் இடையே 5 மைக்ரோவிநாடி இடைவெளி. கணக்கிட்டால் ஒரு வீட்டுக்கு ஒரு முறையில் 15,000 பைட் வருகிறது. 2 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை 15,000 பைட் என்றால் விநாடிக்கு 60 மெகாபிட். மற்ற 15 வீடுகளும் எவ்வளவு முட்டி மோதினாலும் இந்த 60 மெகாபிட்டை யாரும் பறிக்க முடியாது. மற்றவர்கள் குறைவாகக் கேட்கும்போது சுற்று தானாகவே சுருங்கி, முறை விரைவாக வந்து, அதே வீட்டுக்கு 60-க்கு மேலும் கிடைக்கும். வரம்பு ஒன்றே, ஆனால் நெருக்கடியில் அது காப்பாகவும் நெருக்கடி இல்லாதபோது தடையாகாமலும் இருக்கிறது.

ஜிபானில் ஒவ்வொரு வீட்டின் போக்குவரத்தையும் டி-கான்ட் எனப்படும் தொட்டிகளாகப் பிரிக்கிறார்கள். தொலைபேசிப் பேச்சு போன்றவற்றுக்குக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நிலையான ஒதுக்கீடு உண்டு. அடுத்த வகைக்கு உறுதியளிக்கப்பட்ட அளவு உண்டு: தேவைப்பட்டால் நிச்சயம் கிடைக்கும், தேவையில்லாதபோது பிறருக்குப் போகும். இன்னொன்றில் உறுதியளவுக்கு மேலும் பெற வாய்ப்பிருக்கும். கடைசியாக, எந்த உறுதியும் இல்லாமல், மிச்சம் இருந்தால் மட்டும் கிடைக்கிற வகை. நியாயத்தைப் பற்றிய விவாதம் உண்மையில் இந்தத் தொட்டிகளின் எண்களைப் பற்றியதுதான்.

இவ்வளவும் வீட்டுக் கருவிகள் விதிக்குக் கட்டுப்படும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. பழுதான ஒரு கருவி தன் முறை முடிந்தும் லேசரை அணைக்காமல் எரியவிட்டால் அந்த இழையிலுள்ள அத்தனை வீடுகளுக்கும் இணைப்பு போய்விடும். தெருவில் ஒரே சமயத்தில் எல்லாருடைய இணையமும் துண்டிக்கப்படும்போது, இழை எங்கும் அறுந்திருக்காத நிலையில், களப் பணியாளர்கள் ஐயுறும் காரணங்களில் இதுவும் ஒன்று.

இதுவரை பேசிய நியாயம் மில்லிவிநாடிகளில் அளக்கப்பட்டது. பயனர் உணர்வதோ நிமிடங்களிலும் மணிகளிலும். ஒரு வீட்டில் பிற்பகல் முதல் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் முழு வேகத்தில் மேலேறிக்கொண்டே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு மாணவி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய சான்றிதழ்களைப் பதிவேற்ற உட்காருகிறார். ஐந்து நிமிட வேலை. டிபிஏவுக்கு நேற்றும் தெரியாது, ஒரு மணி நேரம் முன்பும் தெரியாது. அது அந்தக் கணத்தின் வரிசைகளை மட்டும் பார்த்து இருவருக்கும் ஆளுக்குப் பாதி கொடுக்கும். கணக்குப்படி அது மேக்ஸ்-மின் நியாயம்தான். ஆனால் நாள் முழுக்கப் பாய்ச்சியவரும் இப்போதுதான் மடைக்கு வந்தவரும் ஒன்றா என்ற கேள்வி எழாமல் போகாது.

இதற்கு நடைமுறையில் காணப்பட்ட ஒரு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது; ஃபைபரில் அல்ல, கேபிள் இணையத்தில். குறிப்பிட்ட செயலிகளின் போக்குவரத்தை மட்டும் தடுத்ததற்காகக் கடும் விமர்சனத்துக்கு உள்ளான காம்காஸ்ட் நிறுவனம், 2008-ல் செயலி எதுவென்று பார்க்காத முறை ஒன்றுக்கு மாறியது. அதன் விவரங்கள் 2010-ல், ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவணத் தொடரில் 6057-ஆம் ஆவணமாக வெளிவந்தன. ஏற்றத் திசையில் ஒரு பகுதியின் பயன்பாடு 15 நிமிடச் சராசரியில் 70 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே நெருக்கடி நெருங்குவதாகக் கொள்ளப்பட்டது. அப்போது தன் திட்ட வேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அதே 15 நிமிடங்களாகப் பயன்படுத்தி வந்தவரின் தரவு முன்னுரிமையில் ஒரு படி கீழே இறக்கப்பட்டது. அவருடைய பயன்பாடு 50 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் பழைய நிலை திரும்பியது. வேகம் வெட்டப்படவில்லை, மிச்சம் இருந்தவரை அவருக்கும் கிடைத்தது. அண்மைக் காலப் பயன்பாட்டை நினைவில் வைத்திருக்கும் இந்த அணுகுமுறை எதிர்வீட்டு மாணவிக்கு உண்மையாகவே உதவும்.

மாதாந்தர வரம்பு அப்படியல்ல. நியாயப் பயன்பாட்டுக் கொள்கை என்ற பெயரில், இத்தனை ஜிகாபைட் தாண்டியதும் மாத முடிவு வரை வேகத்தைக் குறைக்கும் வழக்கம் நமக்கு நன்கு பழகியது. அதிகாலை மூன்று மணிக்கு இழை காலியாகக் கிடக்கும்போதும் அந்த வீட்டின் வேகம் குறைந்தே இருக்கும்; அதனால் எந்த அண்டை வீட்டுக்கும் ஒரு பைட்டும் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. மறுபுறம், மாதத்தின் முதல் வாரத்தில் இரவு எட்டு மணிக்கு ஒருவர் இழையை நிரப்பினால் இந்த வரம்பு அவரைத் தொடவே தொடாது. விலை நிர்ணயத்துக்கு அது பயன்படலாம். அண்டை வீட்டாரிடையே நியாயத்தைக் காக்கும் கருவியாக அதைக் கருதுவது தவறு என்றே நினைக்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். ஓஎல்டி பங்கிடுவது வீடுகளுக்கிடையே. ஒரு வீட்டுக்குள் இருக்கும் பத்துக் கருவிகளுக்கிடையே அல்ல. ஒரு மடிக்கணினி ஒரே நேரத்தில் இருபது இணைப்புகளைத் திறந்து கோப்புகளை ஏற்றினால், ஒரே இணைப்போடு நடக்கும் காணொலி அழைப்பு திணறும்; அதற்குக் காரணம் தெருவில் இல்லை, வீட்டு ரூட்டரின் ஒற்றை வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பின் தரவு ஓட்டத்தையும் தனி வரிசையில் நிறுத்தி முறைவைத்து அனுப்பும் எஃப்கியூ-கோடெல் (2018-ல் ஆர்எஃப்சி 8290 ஆக வெளிவந்தது) போன்ற முறைகள் இப்போது பல ரூட்டர்களில் உள்ளன. புகார் சொல்வதற்கு முன் ரூட்டரின் அமைப்புகளில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஜிபானுக்கு அடுத்து வந்த எக்ஸ்ஜிஎஸ்-பான் இரு திசைகளிலும் சுமார் 10 ஜிகாபிட் தருகிறது. நெருக்கடி வரும் நேரங்கள் அதனால் குறையும். பங்கிடும் முறை மாறாது, அதே 125 மைக்ரோவிநாடிச் சட்டகம், அதே அறிக்கை, அதே ஒதுக்கீடு. ஆகவே ஒரு திட்டத்தை ஒப்பிடும்போது விளம்பரத்தில் 'வரை' என்ற சொல்லோடு வரும் உச்ச வேகத்தை மட்டும் பார்க்காமல், அந்த இழையை எத்தனை வீடுகள் பகிர்கின்றன, நெருக்கடி நேரத்தில் ஒரு வீட்டுக்கு உறுதியளிக்கப்பட்ட அளவு எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் சேவை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். இரண்டாவது எண் சுழியமாக இருக்கலாம். வீட்டு இணைப்பை எந்த உறுதியும் இல்லாத கடைசித் தொட்டியில் மட்டும் வைப்பதற்குத் தரநிலையில் தடையேதும் இல்லை. எதுவாக இருந்தாலும், ஓஎல்டியில் உங்கள் இணைப்பைப் பதிவுசெய்த அன்றே யாரோ ஒருவர் அந்த எண்ணை உள்ளிட்டிருக்கிறார்.